இந்து மதம் ஏற்கிறது, மற்ற மதங்கள்தான் வெறுக்கின்றன என்பது உண்மையா?

கேள்வி: தன்பாலீர்ப்பாளர்களையும் திருநங்கைகளையும் இந்து மதம் ஏற்றுக்கொள்கிறது, கிறிஸ்தவமும் இஸ்லாமும்தான் வெறுக்கின்றன என்கிறார்களே, உண்மையா?

உண்மை இல்லை. நான் பாளையங்கோட்டைப் பக்கம் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவள். என் தம்பி தன்பாலீர்ப்பாளன். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் மதத்துக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததை அறிந்தவர்களுக்கு அது புரியும். ஆனால் "எங்க மதம் பரவாயில்லை, உங்க மதம்தான் மோசம்" என்று பேசத் தொடங்கினால், அடிபட்டவர்களை ஓரமாக உட்கார வைத்துவிட்டு மதங்களுக்கு மார்க் போடுவதில்தான் போய் முடிகிறது.

முதலில் நீதிமன்றத்தில் நடந்ததைப் பாருங்கள். வயது வந்த இருவர் மனமொத்து உறவு கொள்வதை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவின்படி குற்றமாக்கக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2009 ஜூலை 2 அன்று தீர்ப்புச் சொன்னது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கில் முதல் பெயர் டெல்லியைச் சேர்ந்த ஒரு ஜோதிடருடையது. அவரோடு அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம் நின்றது. அப்போஸ்தலத் திருச்சபைகளின் கூட்டமைப்பு நின்றது. ஒடிசாவின் உத்கல் கிறிஸ்தவ கவுன்சில் நின்றது. தன்பாலீர்ப்பை யோகாவால் குணப்படுத்திக் காட்டுகிறேன் என்று பாபா ராம்தேவ் வெளியே சொல்லிக்கொண்டிருந்தார். 2013 டிசம்பர் 11 அன்று இவர்கள் கேட்டது கிடைத்தது. என் தம்பியைப் போன்றவர்கள் மறுபடியும் சட்டத்தின் முன் குற்றவாளிகள் ஆனார்கள். 2018 செப்டம்பர் 6 அன்று அரசியல் சாசன அமர்வு அதைத் திருத்த ஏறத்தாழ ஐந்து வருடம் ஆனது. 2023இல் தன்பால் திருமண உரிமை வழக்கு வந்தபோதும் அதே காட்சி: முஸ்லிம் மத அறிஞர்களின் அமைப்பான ஜமியத் உலமா-இ-ஹிந்த் ஒரு பக்கம் மனுப்போட, இந்துச் சாமியார்களின் அமைப்பான அகில பாரதிய சந்த் சமிதியும் எதிர்த்து மனுப்போட்டது. கோயில், மசூதி, பசு, மதமாற்றம் என்று வேறு எதிலும் ஒன்றுசேராதவர்கள் இந்த ஒன்றில் சேர்ந்தார்கள்.

"377 வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதானே?" என்று கேட்பீர்கள். ஆமாம், 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தில் வந்தது. மெக்காலே தொடங்கிய வரைவு. இலங்கைக்கு 1883இல் போனது. பௌத்தர்கள் பெரும்பான்மையாக வாழும் அந்த நாட்டில் அதே தடையைச் சொல்லும் 365ஆவது, 365அ பிரிவுகள் இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கின்றன. ஆனால் வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னால் இங்கே எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. மனுதர்மத்தின் எட்டாம் அத்தியாயத்தைப் புரட்டுங்கள். ஒரு கன்னி இன்னொரு கன்னியைத் தொட்டால் இருநூறு பணம் அபராதமும் பத்து அடியும். வயதில் மூத்த பெண் அதைச் செய்தால் தலையை மழித்து, அல்லது இரண்டு விரலை வெட்டி, கழுதைமேல் ஏற்றி ஊர்வலம். ஆண்களுக்கு அதே நூலின் பதினோராம் அத்தியாயம் உடுத்த துணியோடு குளிப்பதைப் பிராயச்சித்தமாகச் சொல்கிறது. பெண்ணுக்கு விரல், ஆணுக்குக் குளியல்! இதை மறைத்துவிட்டு மோகினியையும் அர்த்தநாரீஸ்வரரையும் மட்டும் காட்டுவது நேர்மையில்லை.

கூவாகத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் உள்ள அந்தக் கூத்தாண்டவர் கோயிலுக்கு ஒருமுறையாவது சித்திரைப் பௌர்ணமிக்குப் போய்வாருங்கள். பாரதப் போருக்குக் களப்பலியாகச் சம்மதித்த அரவான், சாவதற்கு முன் கல்யாணம் வேண்டும் என்று கேட்கிறான். மறுநாளே தாலியறுக்க எந்தப் பெண்ணும் முன்வரவில்லை. கிருஷ்ணனே மோகினியாக வந்து கழுத்தை நீட்டுகிறான். அந்த மோகினியின் இடத்தில் நின்று திருநங்கைகள் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். சுற்றுவட்டாரத்து ஆண்களும் வேண்டுதலுக்காகத் தாலி வாங்கிக் கட்டிக்கொள்வது உண்டு. மறுநாள் தேர் அழுகளம் போய்ச் சேரும். தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைச் சேலை உடுத்தி அவர்கள் வைக்கும் ஒப்பாரி நாடகம் இல்லை. என்னோடு வேலை பார்க்கும் திருநங்கைத் தோழி ஒருத்தி வருடம் தவறாமல் போகிறாள். அங்கே அழுதால்தான் அந்த வருடத்துப் பாரம் இறங்கும் என்பாள். அவளே இன்னொரு நாள் சொன்னாள்: "சித்திரையில நான் சாமி பொண்டாட்டிக்கா. வைகாசியில வாடகைக்கு வீடு கேட்டா புரோக்கர் போனை எடுக்க மாட்டேங்கறார்."

இன்னொன்றும் உண்டு. அந்தக் கதையில்கூட மோகினி பெண்ணாக வந்துதான் கல்யாணம் நடக்கிறது. திருநங்கைக்குப் புராணம் ஓர் இடம் வைத்திருக்கிறது. ஆணாகவே இருந்து இன்னொரு ஆணை நேசிக்கிற என் தம்பிக்கு அங்கேயும் இடம் இல்லை. 2018இல் தூத்துக்குடிக் கோயில் ஒன்றில் ஓர் ஆணுக்கும் திருநங்கைக்கும் இந்து முறைப்படி கல்யாணம் நடந்தது. பதிவு அலுவலகம் பதிய மறுத்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, மணமகள் என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்று சொல்லிப் பதிய வைத்தது. நல்ல தீர்ப்பு. ஆனாலும் இரண்டு ஆண்கள் அதே கோயிலுக்குப் போயிருந்தால் கதை என்னவாகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இனி எங்கள் வீடு. தம்பிக்குப் பெண் பார்க்கத் தொடங்கியபோது அவன் சொன்னான். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா அவனுக்கு அசுத்த ஆவி பிடித்திருக்கிறது என்று நம்பினாள். எங்கள் சபைப் போதகரான ஐயரவர்களிடம் சொல்ல வெட்கப்பட்டு, அத்தை சொன்ன ஒரு ஜெப வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். அவன் என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "அக்கா, எட்டாங்கிளாஸ்ல இருந்து நான் இதுக்குத்தான ஜெபம் பண்ணுதேன். அவரு புதுசா என்ன கேட்டுரப் போறாரு?"

உபவாச ஜெபம், எண்ணெய் பூசுதல், அப்புறம் விடுதலை ஜெபம். சுற்றி நின்று அந்நிய பாஷையில், அதாவது ஆவி பேசவைப்பதாக நம்பும் புரியாத மொழியில், கத்தினார்கள். நெற்றியில் கைவைத்துத் தள்ளினார்கள். விழுந்தால்தான் விடுவார்கள் என்று தெரிந்து அவனாகவே விழுந்தான். அடுத்த வாரம் அவன் குணமாகிவிட்டான் என்று அம்மா எழுந்து சாட்சி சொன்னாள். அதைக் கேட்டு ஒரு வீட்டிலிருந்து பெண்ணும் கொடுக்க வந்தார்கள். அந்தப் பெண்ணின் வாழ்க்கையைப் பற்றி அங்கே ஒருவருக்கும் கவலை இல்லை. தம்பி இரவோடு இரவாகப் பெங்களூருக்குப் போய்விட்டான்.

எனக்குத் தாங்க முடியாதது எது என்றால், இதெல்லாம் வெறுப்பில் நடக்கவில்லை. அம்மா அவனுக்காகச் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தாள். வெறுப்பென்றால் எதிர்த்துப் பேசிவிடலாம். தன் வயிற்றைக் காயப்போட்டு ஜெபிக்கிறவளிடம் அவனால் எப்படிச் சண்டை போட முடியும்?

ஜெபித்து மாற்றலாம் என்று நம்புகிற விசுவாசிகளுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் 1976இல் தொடங்கிய எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் என்ற கிறிஸ்தவ அமைப்பு இதையே முழுநேர ஊழியமாகச் செய்தது. உலகத்திலேயே பெரியது அதுதான். 2012இல் அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ், தான் சந்தித்தவர்களில் ஏறக்குறைய யாருக்கும் ஈர்ப்பு மாறவில்லை என்று சொன்னார். 2013 ஜூனில் மன்னிப்புக் கேட்டுவிட்டு அந்த அமைப்பை மூடினார்கள். பணமும் ஆளும் விசுவாசமும் குறைவில்லாமல் பல பத்தாண்டுகள் நடத்திப் பார்த்தவர்களே அப்படிச் சொல்கிறார்கள்.

எங்கள் வேதமான பைபிள் என்ன சொல்கிறது என்று கேட்டால், நான் வேதத்தை நேசிக்கிறவள், அதனால் மழுப்ப மாட்டேன். லேவியராகமம் 18, 20 அதிகாரங்கள் கடுமையானவை. ரோமர் முதல் அதிகாரமும் அப்படியே. ஆனால் அதே லேவியராகமம் பதினோராம் அதிகாரத்தில் செதிளும் சிறகும் இல்லாத நீர்வாழ் உயிர்கள் அருவருப்பு என்கிறது. எங்கள் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை இறால் குழம்பு வைக்காத கிறிஸ்தவ வீடு குறைவு. ரோமர் இரண்டாம் அதிகாரம் "மற்றவர்களைக் குற்றவாளியாகத் தீர்க்கிறவனே, நீ யாரானாலும் சரி, போக்குச்சொல்ல உனக்கு இடமில்லை" என்றுதான் தொடங்குகிறது. சோதோமின் பாவம் எது என்று எசேக்கியேல் 16:49 பட்டியலிடுகிறது: கர்வம், வயிறு நிறைந்த வாழ்வு, ஏழைக்குக் கை கொடுக்காதது. எல்லாவற்றையும்விட எனக்கு ஆறுதல் தருவது அண்ணகர்களின், அதாவது விதை நீக்கப்பட்ட ஆண்களின், கதை. உபாகமம் 23 அவர்களைச் சபைக்குள் வரக் கூடாது என்கிறது. ஏசாயா 56இல் கர்த்தரே அவர்களுக்குத் தம் ஆலயத்துக்குள், பிள்ளைகளுக்குரிய இடத்தைவிட மேலான இடத்தைத் தருவதாகச் சொல்கிறார். அப்போஸ்தலர் 8இல் எத்தியோப்பிய மந்திரியான அண்ணகர், ஞானஸ்நானம் பெற எனக்குத் தடை என்ன என்று கேட்கிறார். பிலிப்பு தண்ணீரில் இறங்குகிறார். வெளியே நிறுத்தப்பட்டவர்களை உள்ளே அழைப்பது வேதத்துக்குள்ளேயே நடந்திருக்கிறது. நாக்பூரில் உள்ள இந்தியத் திருச்சபைகளின் தேசிய கவுன்சில் இது பற்றிப் போதகர்களுக்குப் பயிற்சிகள் நடத்திவருகிறது. எங்கள் ஊர்ப் பிரசங்க பீடங்கள்வரை அது வந்து சேரவில்லை.

இஸ்லாத்தைப் பற்றி வெளியிலிருந்து விரித்துப் பேச எனக்கு உரிமை இல்லை. 2018இல் மலேசியாவின் திரெங்கானுவில் ஷரியா நீதிமன்றம் இரண்டு பெண்களுக்குப் பிரம்படி கொடுத்தது. தென்னாப்பிரிக்காவில் தன்பாலீர்ப்பாளரான இமாம் முஹ்சின் ஹென்ட்ரிக்ஸ், தன்னைப் போன்ற முஸ்லிம்களுக்காகத் தொழுகை நடத்திவந்தார். 2025 பிப்ரவரியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அடிக்கச் சொன்னவர்களும் ஒரே வேதத்தைத்தான் ஓதினார்கள், அவரும் அதைத்தான் ஓதினார்.

இந்தக் கேள்வியைக் கேட்டவர் யார் என்று எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டில் யாராவது தன்னைப் பற்றி இப்படிச் சொல்லியிருந்து, அதனால் கேட்கிறீர்கள் என்றால், சில விஷயங்கள் தெரிந்திருக்கட்டும். மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரண்டு பெண்களின் வழக்கில் 2021 ஜூன் 7 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவு போட்டார். இதைப் பற்றித் தனக்கு முழுதாகப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு எழுதிய தீர்ப்பு அது. வயது வந்தவர்கள் தாங்களாகவே சேர்ந்து போயிருந்தால், காணவில்லை என்று பெற்றோர் கொடுக்கும் புகாரைக் காவல்துறை வாக்குமூலம் வாங்கிக்கொண்டு முடித்துவிட வேண்டும், தொந்தரவு செய்யக் கூடாது. மருத்துவத்தால் 'மாற்றுகிறேன்' என்று முயல்வதையும் அது தடை செய்தது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அப்படி மாற்ற முயல்வதைத் தொழில் ஒழுங்கு மீறல் என்று அறிவித்தது. ஒரு மனநல மருத்துவர் அப்படிச் சிகிச்சை தருகிறேன் என்றால் மருத்துவ கவுன்சிலில் புகார் கொடுங்கள். ஜெப வீடு, மந்திரவாதி, தர்கா, ஆசிரமம் இவற்றுக்கெல்லாம் கேட்பாரில்லை. அங்கே கூட்டிப்போக விடாமல் தடுக்க வேண்டியது வீட்டில் இருக்கிற நீங்கள்தான். ஓரினம் என்ற இணையதளத்தில் பெற்றோருக்காகத் தமிழிலேயே எழுதப்பட்டவை இருக்கின்றன. அம்மாவுக்கு வாசித்துக் காட்டலாம். நான் எங்கள் அம்மாவுக்கு வாசித்துக்கொண்டிருக்கிறேன்.