வந்தான், போனான், தின்றான்

அன்புள்ள ஐயா,

மூன்றாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். ஓசை ஒத்த சொற்களை அடுக்கும் விளையாட்டை நடத்திப் பார்த்தேன். 'வந்தான்' என்று தொடங்கியதும் போனான், நின்றான், தின்றான் என்று ஒரே கூச்சல். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான், ஆனால் ஒரு புதுச் சொல்கூட வரவில்லை. "இதனால் என்ன பயன்?" என்று தலைமையாசிரியர் கேட்கிறார். நிறுத்திவிடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நிறுத்த வேண்டாம். தொடங்கும் சொல்லை மாற்றுங்கள்.

கடைசி ஓசை ஒத்துவருவது இயைபு. தமிழில் விகுதிகள் கடைசியில்தான் ஒட்டுகின்றன. எந்த வினையோடும் 'ஆன்' சேர்த்தால் இயைபு தானாக வந்துவிடும், பிள்ளை எதையும் தேட வேண்டியதில்லை. எதுகைக்கு வாருங்கள். அதில் இரண்டாம் எழுத்து ஒன்ற வேண்டும். பள்ளி என்றால் புள்ளி, வெள்ளி, கள்ளி, சுள்ளி. சுள்ளி என்றால் என்ன டீச்சர் என்று ஒரு குரல் வரும். அதற்காகத்தான் இந்த விளையாட்டே.

எதுகைக்கு இன்னொரு விதியும் உண்டு. முதலெழுத்துகள் அளவில் ஒத்திருக்க வேண்டும், குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். இதைச் சொல்லிவிடாதீர்கள். கரும்பலகையின் நடுவே கோடு கிழியுங்கள். பிள்ளைகள் சொல்லச் சொல்ல கட்டம், சட்டம், திட்டம் ஒரு பக்கம். ஆட்டம், தோட்டம், கூட்டம் மறு பக்கம். அப்புறம், கட்டம் ஏன் இங்கே, கூட்டம் ஏன் அங்கே என்று கேளுங்கள். யாராவது ஒருவர் சொல்லை இழுத்து இழுத்துப் பார்த்துக் கண்டுபிடிப்பார். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவன் நான். அது காதில் விழுந்தது வெகுநாள் கழித்துத்தான்.

ல, ள, ழவுக்கும் இதே கோடு போதும். மலை, தலை, விலை. களை, முளை, கிளை. மழை, பிழை, இழை. ழகரத்தை வீட்டில் கேட்டிராத பிள்ளைக்கு உங்கள் நாக்குதான் பாடநூல். ர, ற மட்டும் வேண்டாம். இன்றைய பேச்சில் பெரும்பாலோருக்கு அரையும் அறையும் ஒரே ஓசை. அதை எழுதித்தான் பழக வேண்டும்.

சொல் வராதவரை 'அவுட்' ஆக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. யாருக்குச் சொல் குறைவோ அந்தப் பிள்ளைதான் முதலில் வெளியே போய் வேடிக்கை பார்க்கும். குழுவாக ஆடட்டும். 'டொள்ளி' என்று இல்லாத சொல்லைச் சொன்னாலும் அதட்டாதீர்கள், காது சரியாகத்தான் பிடித்திருக்கிறது. சொல் அகராதியில் உண்டா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தலைமையாசிரியருக்கு ஒரு தகவல். பிராட்லி, பிரையன்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1983இல் வெளியிட்ட ஆய்வு இது. நான்கைந்து வயதில் ஓசை ஒவ்வாத சொல்லைச் சரியாகப் பிரித்துச் சொன்ன ஆங்கிலக் குழந்தைகள், சில ஆண்டுகள் கழித்து வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் முன்னே நின்றார்கள். இதற்கும் அவர் அசையவில்லை என்றால், வகுப்புக்குள் அழைத்து 'தோட்டம்' என்று தொடங்கிவிடுங்கள்.