ஈரோஸின் ஒளி குறைவது கருவியின் பழுதன்று

வணக்கம். ஈரோஸ் சிறுகோள் கணித்த பொலிவெண்ணைவிட (வான்பொருளின் ஒளியளவைக் குறிக்கும் எண்) மங்கலாகத் தெரிவதாகவும், ஒரு மணி நேரத்துக்குள்ளேயே அதன் ஒளி மாறுவதாகவும், வரைபடத்தில் குறித்த இடத்திலிருந்து சற்று விலகி நிற்பதாகவும் எழுதியிருந்தீர்கள். உங்கள் தொலைநோக்கியைச் சந்தேகிக்க வேண்டாம்.

ஈரோஸ் ஏறத்தாழ 34 கிலோமீட்டர் நீளமும் 11 கிலோமீட்டர் அகலமும் கொண்ட நீள்வடிவப் பாறை. அது 5 மணி 16 நிமிடத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றுகையில், அகன்ற பக்கமும் குறுகிய முனையும் மாறிமாறி நம்மை நோக்குவதால், ஒரு சுழற்சியில் ஒளி இருமுறை கூடி இருமுறை குறைகிறது. உச்சத்திலிருந்து தாழ்வுக்கு வர சுமார் 80 நிமிடமே போதும். நாம் பார்க்கும் கோணம் வாய்ப்பாக அமைந்தால் இந்த வேறுபாடு 1.5 பொலிவெண்ணை நெருங்கும். அட்டவணை தருவதோ இந்த ஏற்றத்தாழ்வைக் கணக்கில் கொள்ளாத சராசரி மதிப்பு. ஆகவே ஒற்றைப் பார்வையில் முடிவுகட்டாமல், அருகிலுள்ள அதே இரண்டு விண்மீன்களோடு ஒப்பிட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நேரத்துடன் குறித்து வாருங்கள். ஒளி ஏறி இறங்குவதைக் காட்டும் வளைவரை தானே உருவாகும், அது அழகான காட்சி.

இட விலகலுக்கு, நீங்கள் நிற்கும் இடத்துக்கான கணிப்பை விட்டு, பூமியின் மையத்திலிருந்து பார்ப்பதாகக் கொண்ட கணிப்பைப் பயன்படுத்தினீர்களா என்று பாருங்கள். 0.2 வானியல் அலகுத் தொலைவில் (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தொலைவு) அதுவே 44 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு) வரை பிசகும். வான்பொருள்களின் இடத்தைக் கணித்துத் தரும் நாசாவின் ஹொரைசன்ஸ் இணையதளத்தில் உங்கள் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்து, அன்றைய தேதிக்கே புதிதாகக் கணித்துக்கொள்ளுங்கள்.