மூணு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறதே, டாக்டர்?

மயிலாப்பூர், 71 வயது: எட்டரைக்கே கண் சொக்குகிறது. விடிகாலை மூணு மணிக்கு விழித்துக்கொள்கிறேன். இது வியாதியா?

இல்லைம்மா. எண்ணிப் பாருங்கள், ஆறரை மணி நேரம் தூங்கியிருக்கிறீர்கள். 65 தாண்டியவர்களுக்கு 7 முதல் 8 மணி நேரம் என்பது பொதுவான அளவு. அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறீர்கள். வயதாக ஆக மூளைக்குள் இருக்கும் கடிகாரம் முன்கூட்டியே ஓடும். அதைப் பின்னுக்குத் தள்ள மாலை வெளிச்சம் உதவும். நாகேஸ்வர ராவ் பூங்காவுக்கு விடியற்காலையில் போகிறவரென்றால், சாயங்காலம் அஞ்சு மணிக்கு மாற்றிப் பாருங்கள்.

பெரம்பூர், 68 வயது: ராத்திரி நாலு தடவை பாத்ரூம் போகிறேன். தண்ணீரைக் குறைக்கட்டுமா?

சென்னை வெயிலில் பகல் தண்ணீரைக் குறைக்கவே கூடாது ஐயா. படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு நிறுத்தினால் போதும். சாயங்காலம் கால் வீங்குகிறதா? பகலில் காலில் தேங்கிய நீர், படுத்ததும் ரத்தத்தில் சேர்ந்து சிறுநீராக வெளியேறும். மத்தியானம் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்துப் படுங்கள். பிரஷருக்கு நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிட்டால், எந்த வேளையில் போடுவது என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். சர்க்கரை, புராஸ்டேட் இரண்டையும் பார்த்துவிடுங்கள். அப்புறம், பாத்ரூம் வழியில் சின்ன விளக்கு ஒன்று எரியட்டும்.

அடையாறு: அம்மாவுக்கு 74. சளி மாத்திரை போட்டால்தான் தூக்கம் வருகிறதாம். தினமும் கொடுக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். தூக்கம் வரவைக்கும் பழைய வகை சளி, அலர்ஜி மாத்திரைகள் முதியவர்களுக்குக் குழப்பம், மலச்சிக்கல், தடுமாற்றம் எல்லாம் தரும். ராத்திரி எழுந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், பழையபடி நடமாடுவதே பெரும்பாடு. இந்த ஒரு விஷயத்தில் நான் கறாராகத்தான் இருப்பேன். ஆனால் அல்பிரசோலம் மாதிரி தூக்க மாத்திரையும் பல மாதமாகப் போட்டு வந்தால், அதைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். டாக்டர் சொல்லும்படி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

வடபழனி: மாமியார் பலமாகக் குறட்டை விடுகிறார், நடுவில் மூச்சு நின்று திணறுகிறார். வயசானால் இப்படித்தானா?

இல்லை. இதை வயசுக் கணக்கில் எழுதாதீர்கள். தூக்கத்தில் மூச்சு நிற்பது பிரஷரையும் இதயத்தையும் பாதிக்கும். தூக்கப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள்.

தி.நகர்: மாலை காபி?

மத்தியானத்தோடு நிறுத்துங்கள். குடித்து அஞ்சு மணி நேரம் ஆனாலும் பாதி காஃபின் உடம்பில்தான் இருக்கும்.