திருநெல்வேலிப் பக்கம் ஏரிக்கரையில் அமைதியான ஊர் உண்டா? ரெண்டு நாள் சும்மா இருக்க வேண்டும்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், எங்கள் பக்கம் வந்து ஏரி எங்கே என்று கேட்காதீர்கள், குளம் என்று கேளுங்கள். கடல் மாதிரி விரிந்து கிடந்தாலும் இங்கே அது குளம்தான்.

குற்றாலம் போகலாம் என்று நாலு பேர் சொல்லியிருப்பார்கள். சாரல் நேரத்தில் அருவிக்குக் கீழே வரிசையில் நிற்பதுதான் ஓய்வு என்றால் சரி. என் யோசனை கூந்தன்குளம்.

நாங்குநேரி வட்டம், நெல்லையிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகக் காரில் ஒரு மணி நேரம். 1994-ல் சரணாலயமாக அறிவித்தார்கள், ஆனால் பறவைகளுக்கு அரசாணைக்கு முன்பே அந்த ஊர் பழக்கம். எப்போது போகிறீர்கள் என்பதுதான் முக்கியம். நான் முதல் தடவை செப்டம்பரில் போய், குளத்துக்கு நடுவில் ஆடு மேய்வதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து, மணிமுத்தாறு கால்வாய்த் தண்ணீரும் வந்து குளம் நிறைய வேண்டும். பொங்கல் கழிந்து பங்குனி வரைக்கும் நல்ல நேரம். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டால் கிளம்புவதற்கு முன்னால் ஊரில் யாரிடமாவது தண்ணீர் கிடக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

காலை ஆறு மணிக்குக் கரையில் இருக்க வேண்டும். தலைக்குப் பின்னால் ரெண்டு கறுப்புக் கோடு போட்ட வாத்துக்கூட்டம் தெரிந்தால் கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள், அது வரித்தலை வாத்து, இமயமலையைத் தாண்டி இங்கே வந்து நம் வயல்காட்டில் மேய்கிறது. பூநாரை சில வருஷம் வரும், சில வருஷம் கண்ணில் படாது.

ஆனால் எனக்குக் குளத்தை விட ஊருக்குள் நடப்பதுதான் பிடிக்கும். வீட்டு வாசல் வேம்பில், கொல்லைப்புறக் கருவேலத்தில், தலைக்கு மேலே கூடு கூடாக மஞ்சள்மூக்கு நாரை. குஞ்சுகள் கத்துகிற கத்தலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. அதுகள் தவறவிட்ட மீன் கீழே கிடந்து நாறும், அதையும் சொல்லிவிட வேண்டும் இல்லையா. வாசல் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு ஆச்சியிடம், இவ்வளவு எச்சத்தையும் எப்படி ஆச்சி பொறுத்துக்கிறீங்க என்று கேட்டேன். "பேறுகாலத்துக்கு வந்த புள்ளைய யாராவது வெரட்டுவாவளா?" என்று கேட்டுவிட்டுப் பெருக்கலைத் தொடர்ந்தார். தீபாவளிக்குக்கூட அங்கே வெடி போடுவதில்லை.

தங்குவதற்கு அந்த ஊரை நம்ப வேண்டாம். அம்பாசமுத்திரத்தில் அறை எடுங்கள், செங்கோட்டை ரயில் பாதையில்தான் இருக்கிறது, தாமிரபரணியும் பக்கம். ஒரு சாயங்காலம் திருப்புடைமருதூர் போங்கள். கடனாநதி தாமிரபரணியில் சேருகிற இடம், படித்துறையில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தால் இருட்டுவது தெரியாது. நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் ஏற அனுமதித்தால் உள்ளே இருக்கும் ஓவியங்களையும் மரச்சிற்பங்களையும் விட்டுவிடாதீர்கள். அங்கே மரங்களில் அடையும் பறவைகளுக்காகவே 2005-ல் அதைப் பறவைகள் காப்பகம் ஆக்கினார்கள்.

மணிமுத்தாறு அணையும் அருகில்தான், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு நடை போய்வரலாம். அதற்கு மேல் ஒன்றும் சேர்க்காதீர்கள். என் மச்சான் ஒருவர் ரெண்டு நாளில் ஒன்பது இடம் பார்த்தார், ஊருக்குப் போய் ஒரு நாள் லீவு போட்டுத் தூங்கினார். இட்லியும் மிளகாய்ப்பொடியும் கட்டிக்கொண்டு குளத்தங்கரைக்குப் போய், வெயில் ஏறினதும் அறைக்கு வந்து படுத்து, சாயங்காலம் ஆற்றில் குளித்தால் போதும். யாராவது தெரிந்தவர் வீட்டில் சொதி வைத்துக் கூப்பிட்டால் மட்டும் திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம்.

சிவப்பு, மஞ்சள் சட்டை வேண்டாம். பைனாகுலர் இருந்தால் கொண்டுவாருங்கள், கூடவே தலைக்கு ஒரு துண்டும். அப்புறம், கூந்தன்குளத்தில் நிழல் நன்றாக இருக்கிறதே என்று காரை மரத்தடியில் விட்டுவிடாதீர்கள். நான் விட்டேன், நீல நிறக் கார், திரும்பி வந்தபோது என் காரை நானே தேடினேன்.