நடுக்கடல் தீவில் ஒற்றை ஓடுபாதை

கேள்வி: தென் அட்லாண்டிக்கில் உள்ள ஃபாக்லாந்து தீவுகளுக்காக அர்ஜென்டினாவுடன் 1982-ஆம் ஆண்டு நடந்த போரில், பிரிட்டன் அத்தனை தொலைவுக்கு வான்வழியே எப்படிப் பொருள்களை அனுப்பியது?
– வாசகர் ஒருவர், திருநெல்வேலி

பதில்: அட்லாண்டிக் நடுவே எரிமலைக் கற்களாலான அசென்ஷன் தீவு இல்லாவிட்டால் அது நடந்திருக்காது என்பதே என் கருத்து. பிரிட்டனிலிருந்து ஏறத்தாழ 6,800 கிலோமீட்டர், அங்கிருந்து ஃபாக்லாந்துக்கு மேலும் சுமார் 6,300 கிலோமீட்டர். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கர்கள் அமைத்த வைட்அவேக் விமானதளத்தில் (அங்கே முட்டையிடும் கடல் ஆலா என்ற பறவையின் பெயர்தான் அது) இருந்தது ஒரே ஓடுபாதை. விமான எரிபொருளைக் கப்பலில் கொண்டுவந்து, குழாய் பதித்துத் தளத்துக்கு ஏற்றினார்கள். பிரிட்டனில் அவசரத்தில் கப்பல்களில் தாறுமாறாக ஏற்றப்பட்ட சரக்கை, இங்கே ஹெலிகாப்டர்கள் கப்பலுக்குக் கப்பல் மாற்றி ஒழுங்குபடுத்தின.

அசென்ஷனுக்குத் தெற்கே பிரிட்டனுக்கு இறங்க இடமில்லை. எனவே ஹெர்குலிஸ் சரக்கு விமானங்களுக்குள் கூடுதல் எரிபொருள் தொட்டிகளை வைத்து, மூக்கின் மேல் நடுவானில் எரிபொருள் வாங்கும் குழாயையும் பொருத்தினார்கள். எரிபொருள் தரும் விக்டர் ஜெட் விமானமோ வேகமானது. ஹெர்குலிஸால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. ஆகவே இரண்டும் உயரத்திலிருந்து சரிவாகக் கீழிறங்கிக்கொண்டே, அந்தச் சரிவில் ஹெர்குலிஸுக்குக் கிடைக்கும் கூடுதல் வேகத்தில், குழாயைக் கோத்து எரிபொருளைப் பரிமாறிக்கொண்டன. பிறகு கடற்படைக் கப்பல்களுக்கு அருகே பாராசூட்டில் பொருள்களைப் போட்டுவிட்டு, தரையையே தொடாமல் அசென்ஷனுக்குத் திரும்பின. சில பயணங்கள் 24 மணி நேரத்தையும் தாண்டின.

குண்டுவீச்சும் இப்படி நடுவானில் எரிபொருள் வாங்கியே நடந்தது. மே 1 அன்று, அர்ஜென்டினாவின் பிடியிலிருந்த ஃபாக்லாந்து தலைநகர் ஸ்டான்லியின் ஓடுபாதையைத் தாக்கிய ஒற்றை வல்கன் குண்டுவீச்சு விமானத்துக்காக 11 விக்டர்கள் கிளம்பின. அவற்றில் சில, மற்ற விக்டர்களுக்கே எரிபொருள் ஊட்டின. வீசப்பட்ட 21 குண்டுகளில் ஓடுபாதையில் விழுந்தது ஒன்று.