தாரிலும் சரளையிலும் டிரெய்லர் இழுக்க எந்த டயர்? கேள்வி பதில்

பிக்கப் வண்டியில் டிரெய்லர் இழுப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பத்துச் சக்கர லாரி என் துறை இல்லை, அந்தக் கேள்விகளை எடுக்கவில்லை. எந்தக் கம்பெனி நல்லது என்று மட்டும் கேட்டு அனுப்பியவர்களுக்கும் என்னிடம் பதில் இல்லை. ஒரே கம்பெனி நல்ல டயரும் போடுகிறது, சுமாரான டயரும் போடுகிறது.

கேள்வி: என்னிடம் இருப்பது அரை டன் என்று வகைப் பெயர் உள்ள பிக்கப். டிரெய்லர் சாமானோடு 2,500 கிலோ வரும். முக்கால்வாசி தார் ரோடு, கடைசி நாற்பது கிலோமீட்டர் சரளை. ஆல் டெரெய்ன் (தார், கரடு இரண்டுக்குமான டயர்) போடலாமா, தாருக்கான ஹைவே டயரே போதுமா? எந்தப் பட்டன் நல்லது?

பட்டனை, அதாவது டயர் மேல்பரப்பின் ரப்பர் கட்டிகளை, அப்புறம் பார்க்கலாம். முதலில் எடை.

டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம், அதை வண்டியோடு மாட்டும் கொக்கியின் மேல் உட்காரும். உங்கள் கணக்கில் 250 முதல் 375 கிலோ. கொக்கி பின் ஆக்சிலுக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் அது ஏற்றப்பலகை மாதிரி வேலை செய்கிறது. முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி, அந்த எடையையும் பின் ஆக்சில் தலையில் கட்டுகிறது. இதோடு பின்சீட்டில் ஆட்கள், பிக்கப்பின் பின்தொட்டியில் ஜெனரேட்டர், தண்ணீர் கேன். எல்லாம் சேர்ந்து பின் ஆக்சிலில் 1,900 கிலோ நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு டயருக்கு 950.

இப்போது டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள், அதுதான் எடை எண். கார் வகை டயராக இருந்தால் 113 மாதிரி ஏதாவது இருக்கும். 113 என்றால் 1,150 கிலோ. ஆனால் கார் வகை டயரை பிக்கப்பில் மாட்டினால் அந்தத் தாங்கும் எடையை 1.1-ஆல் வகுத்துத்தான் எடுக்க வேண்டும். 1,045 கிலோ. உங்களுக்கு மிச்சம் 95 கிலோ. ஒரு டயரில் காற்று கொஞ்சம் இறங்கினாலே அந்த மிச்சம் காணாமல் போகும்.

எல்.டி. என்று தொடங்கும் லைட் டிரக் டயரில் 121/118 என்று இரண்டு எண் இருக்கும். 121 என்றால் ஒற்றை டயருக்கு 1,450 கிலோ. 118 என்பது ஒரே பக்கத்தில் இரட்டை டயர் போடும்போது ஆளுக்கு 1,320 கிலோ. இந்த 1,450 கிலோ 80 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) காற்றில்தான். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். கார் டயரைக் கழற்றிவிட்டு எல்.டி. மாட்டுவார்கள், காற்று மட்டும் கதவோர ஸ்டிக்கரில் உள்ள பழைய 35-ஐயே பிடிப்பார்கள். அதே காற்றில் எல்.டி. டயர் கார் டயரைவிடக் குறைவான எடையைத்தான் தாங்கும். காசு கொடுத்துப் பெரிய டயர் வாங்கி, இருந்ததையும் குறைத்துக்கொண்ட கதை.

இன்னொன்று: எல்.டி. டயர் இரண்டும் சேர்ந்து 2,900 கிலோ தாங்குகிறது என்பதால் ஆக்சிலும் தாங்கும் என்று எண்ண வேண்டாம். ஆக்சிலின் அளவு கதவோர ஸ்டிக்கரில் எழுதியிருக்கிறது, டயர் மாற்றினால் அது மாறாது.

சரி, பட்டன். உங்கள் ஓட்டத்துக்கு அடக்கமான ஆல் டெரெய்ன் போதும். நடுவில் பட்டன்கள் நெருக்கமாக, கிட்டத்தட்ட தொடர்ச்சியான பட்டையாக ஓட வேண்டும். ஓரத்தில் கொஞ்சம் திறந்திருக்கலாம். ஹைவே டயரின் மெல்லிய ரப்பர் கூர்க்கல்லில் சீக்கிரம் வெட்டுப்படும். மறுபக்கம், ஆழமான பெரிய பட்டன் உள்ள சேற்று டயர் இழுக்கும்போது வேர் ஆடுகிற பல் மாதிரி அசையும். அந்த அசைவு சூடாகும், டிரெய்லர் ஆட்டத்தைக் கூட்டும், ஈரத் தார் ரோட்டில் பிரேக் தூரமும் நீளும். நாற்பது கிலோமீட்டர் சரளைக்காக மீதி வழியெல்லாம் அதைச் சுமக்க வேண்டாம்.

எடை மேடைக்கு ஒருமுறை போய், டிரெய்லரை மாட்டியபடியே பின் ஆக்சிலை மட்டும் ஏற்றி எடை எடுத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: பத்து பிளை என்றால் உள்ளே பத்து அடுக்கு இருக்கிறதா?

இல்லை. பருத்தி நூல் காலத்து அளவு அது. பத்து அடுக்குப் பருத்தி தாங்கிய எடையை இது தாங்கும் என்று அர்த்தம். இன்றைய ரேடியல் டயரில் பக்கச்சுவரில் பெரும்பாலும் இரண்டு அடுக்கு, சிலவற்றில் மூன்று. எண்ணிக்கை வேண்டுமென்றால் பக்கச்சுவரிலேயே எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள். கூர்க்கல் நிறைந்த சாலை என்றால் மூன்றடுக்குச் சுவருக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம்.

கேள்வி: ஐயா, 265-க்குப் பதில் 285 போட்டால் அதிக எடை இழுக்கலாம் அல்லவா? அகலம் கூடுகிறதே.

எல்.டி. 245/75ஆர்17, 265/70ஆர்17, 285/70ஆர்17 மூன்றிலும் பத்து பிளை டயரைப் பாருங்கள், மூன்றிலும் 121/118 என்றே இருக்கும். அகலம் கூடியதால் ஒரு கிலோகூடக் கூடவில்லை.

விட்டம் கூடும். 265/70ஆர்17 ஏறக்குறைய 803 மில்லிமீட்டர், 285/70ஆர்17 831. மூன்றரை சதவீதம். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது நீங்கள் 103-ஐத் தாண்டியிருப்பீர்கள். கியர் விகிதமும் அதே அளவுக்கு இளைக்கும், மேட்டில் இன்ஜின் முக்கும். இழுவைக்கு வண்டியோடு வந்த விட்டத்தை மாற்றாதீர்கள்.

கேள்வி: பழைய பிக்கப் டயர் நான்கு சும்மா கிடக்கிறது. டிரெய்லருக்குப் போடலாமா? டிரெய்லர் டயரை வண்டிக்குப் போடலாமா?

இரண்டாவது கூடாது. எஸ்.டி. என்று எழுதிய டிரெய்லர் டயர் உந்தும் சக்கரத்துக்கும் திரும்பும் சக்கரத்துக்கும் செய்ததல்ல. முதலாவது, எடை எண்ணும் ரிம்மும் பொருந்தினால் பலர் எல்.டி. டயர் போடுகிறார்கள். ஆனால் சும்மா கிடக்கும் அந்த நான்குக்கும் எத்தனை வயது? அடுத்த பதிலைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். எஸ்.டி. டயர் வைத்திருப்பவர்கள் எடை எண்ணை அடுத்து வரும் வேக எழுத்தையும் பார்க்கவும். எழுத்து எதுவும் இல்லாத பழைய வகை பொதுவாக மணிக்கு 105 கிலோமீட்டருக்கு மேல் போகச் செய்ததல்ல.

கேள்வி: டிரெய்லர் டயரில் பட்டன் புதுசு மாதிரியே இருக்கிறது. ஏழெட்டு வருஷம் ஆகிறது. ஓட்டலாம்தானே?

பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 3517 என்றால் 2017-இல் 35-ஆவது வாரம் செய்தது. டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதில்லை, நின்ற இடத்தில் வெயிலில் காய்ந்து சாகிறது. பக்கச்சுவரைக் கட்டைவிரலால் அழுத்தி வளையுங்கள். மெல்லிய கோடுகள் விரிந்தால் மாற்றிவிடுங்கள். கோடு தெரியாவிட்டாலும் அந்த வயதில் இழுவைக்கு நான் நம்ப மாட்டேன். கடையில் "புது டயர்" வாங்கும்போதும் இதே நான்கு இலக்கத்தைப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

கேள்வி: நைட்ரஜன் நிரப்பலாமா?

காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அந்தக் காசில் நல்ல காற்றளவி வாங்குங்கள்.

கேள்வி: ஆல் டெரெய்ன் போட்டு ஆறு மாதம்தான் ஆகிறது. பின் டயரில் பட்டன் ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி பிய்ந்திருக்கிறது. டயர் மட்டமா?

மட்டமாக இருக்கலாம், ஆனால் முதலில் உங்கள் வலது காலைச் சந்தேகப்படுகிறேன். சுமையோடு சரளை மேட்டில் கிளம்பும்போது சக்கரம் ஒரு சுற்றுச் சுழன்றாலே கல் ஒவ்வொன்றும் உளி. மெதுவாக, நான்கு சக்கர உந்துதலில் கிளம்பிப் பாருங்கள்.

இதைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாது. பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் ஒரு பட்டாணி அளவு கல் சிக்கிக்கொள்ளும். டயர் சுற்றும் ஒவ்வொரு தடவையும் அது ஒரு மயிரிழை உள்ளே இறங்கும், ஆணி அடிக்கிற மாதிரி. நான் ஒருமுறை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்த கல்லின் அடியில் குழி, குழிக்குள் பளபளவென்று இரும்புப் பட்டையின் கம்பி தெரிந்தது. தண்ணீர் அங்கே இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும், பட்டை உரியும். பள்ளத்தின் அடியில் சின்னச் சின்ன மேடுகள் வரிசையாக உள்ள டயரைத் தேடுங்கள், கல்லை வெளியே தள்ளத்தான் அவை. சரளை முடிந்து தார் ஏறும் இடத்தில் ஐந்து நிமிடம் நின்று கல் பொறுக்கினாலும் நஷ்டமில்லை.

கேள்வி: எல்.டி. டயர் மாற்றினேன். வேறு ஏதாவது மாற்ற வேண்டுமா?

வால்வு! யாருமே கேட்காத கேள்வி, கேட்டதற்கு நன்றி. கார் ரிம்மில் செருகும் சாதாரண ரப்பர் வால்வு 65 பி.எஸ்.ஐ. வரைக்குத்தான். நான் முதன்முதலில் எல்.டி. மாட்டியபோது கடைக்காரர் பழைய ரப்பர் வால்வையே விட்டுவிட்டார், நானும் கேட்கவில்லை. 75 பிடித்து ஓட்டினேன். மூன்றாவது பயணத்தில் காற்று இறங்கிக்கொண்டே இருந்தது. வால்வை விரலால் சாய்த்தேன், அடியில் சுற்றிலும் வெடிப்பு, உஸ்ஸென்று சத்தம். உயர் அழுத்த வால்வோ உலோக வால்வோ போடச் சொல்லுங்கள். ரிம்மின் எடை எண்ணையும் பாருங்கள், அது உள்பக்கம் பதிந்திருக்கும்.

கேள்வி: சரளையில் காற்றைக் குறைக்க வேண்டுமா? 80-லேயே வைத்திருக்கிறேன்.

சுமை இல்லாமல் என்றால் தாராளமாகக் குறைக்கலாம். டயர் கல்லின் மேல் படிந்து போகும், வெட்டு குறையும், அலை அலையான சரளையில் வண்டி துள்ளாது. டிரெய்லரோடு என்றால் பின் டயரில் கவனம் வேண்டும். அந்த டயருக்கான சுமை அட்டவணையில் உங்கள் எடைக்கு எத்தனை காற்று வேண்டுமோ, அதற்குக் கீழே போகக் கூடாது.

கேள்வி: தவறான ஆலோசனை. இருபது வருஷமாக இழுக்கிறேன். சுமை என்றால் 80, அவ்வளவுதான். காற்றைக் குறைத்தால் டயர் சூடாகி வெடிக்கும்.

அண்ணா, சூடு பற்றி நீங்கள் சொல்வது சரி. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகம் மடிகிறது, அந்த மடிப்புதான் சூடு. ஆனால் "குறைந்த" என்றால் எதைவிடக் குறைந்த? 1,450 கிலோவுக்கு 80 வேண்டும். உங்கள் டயரில் 950 கிலோ நின்றால் அட்டவணை கேட்பது அதைவிட நிறையக் குறைவு. கல்லாக இறுகிய டயர் கூர்க்கல்லில் வளையாது, அறைபடும்.

கேள்வி: நான் டிரெய்லரோடு 25 பி.எஸ்.ஐ. காற்றில் ஓட்டுகிறேன். மெத்தை மாதிரி போகிறது. அண்ணன் பழைய ஆள்.

தம்பி, மெத்தை மாதிரி போவது டயரின் பக்கச்சுவர் கல்லோடு கல்லாக உரசிக்கொண்டு போவதால். 25-இல் ஒரு எல்.டி. டயர் தன் முழுச் சுமையில் பாதியைக்கூடத் தாங்காது. இதுவரை வெடிக்காததற்குக் காரணம் நீங்கள் மெதுவாகப் போனதுதான். அதே 25-இல் தார் ரோடு ஏறி வேகம் பிடித்த அன்று அண்ணன் சொன்னது நடக்கும்.

கேள்வி: அப்படியானால் நடுவில் ஒரு எண் சொல்லுங்களேன்! இரண்டு பேரையும் திட்டினால் எப்படி?

எடை தெரியாமல் எண் சொன்னால் நானும் அந்தத் தம்பி மாதிரிதான். என் வழக்கத்தைச் சொல்கிறேன். பின் டயர் ஒவ்வொன்றிலும் 950 கிலோ. அட்டவணைப்படி என் 17 அங்குல டயருக்கு 50 பி.எஸ்.ஐ. வாக்கில் போதும். நான் தாரில் 65, சரளையில் 58. முன் டயரில் இன்னும் இறக்குவேன், அங்கே சுமை குறைவு. டிரெய்லர் டயரைத் தொடுவதே இல்லை, பக்கச்சுவரில் எழுதிய முழு அழுத்தம். சரளையில் 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுவதில்லை. தார் வந்ததும் கம்ப்ரஸரை எடுத்துத் திரும்பப் பிடிக்கிறேன். கம்ப்ரஸர் கையில் இல்லாதவர்கள் காற்றை இறக்கவே வேண்டாம்.

கேள்வி: எல்லாம் சரி, இருந்தாலும் 80-தான் பாதுகாப்பு. (மீண்டும் அண்ணன்)

80-ஐ ரிம்மும் வால்வும் தாங்குமென்றால் பிடித்துக்கொள்ளுங்கள் அண்ணா. பல் ஆடினால் என்னைச் சொல்லக் கூடாது.

கேள்வி: ஓடி நின்றதும் பார்த்தால் 65 பிடித்தது 71 காட்டுகிறது. இறக்கிவிட்டேன்.

திரும்பப் பிடியுங்கள். ஓடினால் பத்து சதவீதம் ஏறுவது இயல்பு. காற்றை ஆறிய டயரில், மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு பார்க்க வேண்டும். பருவம் மாறும்போதும் பாருங்கள், 5, 6 டிகிரி குளிர்ந்தால் ஏறக்குறைய 2 சதவீதம் இறங்கும்.

கேள்வி: டயர் சூடாக இருக்கிறது, காற்று ஏறிவிட்டது. இறக்கலாமா?

மேலே.

கேள்வி: இரண்டு டயர் மட்டும் வாங்கக் காசு இருக்கிறது. முன்னாலா, பின்னாலா?

பின்னால். ஆனால் நான்கு சக்கர உந்துதல் என்றால் விட்டம் நான்கிலும் ஒத்துப்போக வேண்டும்.

கேள்வி: பக்கச்சுவரில் பஞ்சர். ஒட்டலாமா?

கூடாது. பட்டன் பகுதியில் 6 மில்லிமீட்டருக்குள் ஓட்டை என்றால், டயரைக் கழற்றி உள்ளே இருந்து ஒட்டலாம். வெளியே இருந்து செருகும் திரி வீடு சேரும் வரைக்கு மட்டும். சரளைக்குப் போகிறவர் ஸ்டெப்னியை முழு அளவில், அதே எடை எண்ணில் வைத்திருங்கள்.

கேள்வி: ஆல் டெரெய்னா, ஹைவேயா? எந்தப் பட்டன் நல்லது?

முதல் பதில்.

கேள்வி: என் வண்டிக்கு எத்தனை பி.எஸ்.ஐ.?

எந்த வண்டி, எந்த டயர், எத்தனை கிலோ? மூன்றும் இல்லாமல் இதோடு ஐந்தாவது கேள்வி.

கேள்வி: முதல் கேள்வி கேட்டவன்தான் நான். எடை மேடைக்குப் போய் வந்துவிட்டேன். பின் ஆக்சில் 1,980 கிலோ. டயரில் 113 என்றுதான் இருக்கிறது.

நீங்கள் ஒருவராவது போனீர்களே. ஒரு டயருக்கு 990, தாங்குவது 1,045. மிச்சம் 55 கிலோ. எல்.டி. வாங்குங்கள், வால்வோடு. ஒரு சந்தேகம்: எடை போடும்போது வண்டியில் யார் யார் இருந்தார்கள்?

கேள்வி: நான் மட்டும்தான். டிரெய்லர் தண்ணீர்த் தொட்டியும் காலி.

தொட்டியை நிரப்பி, வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு இன்னொரு தடவை போய் வாருங்கள்.