வாசகர் கேள்வி – பதில்: நீரில் மிதக்கும் எண்ணெயை எடுக்கும் கருவிகள்

கேள்வி: 2017 ஜனவரி இறுதியில் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் கரையில் ஒதுங்கியபோது, மாணவர்களும் மீனவர்களும் அதை வாளியால் அள்ளியதைப் பார்த்தேன். அதற்கு இயந்திரமே கிடையாதா?
– ஒரு வாசகி, எர்ணாவூர்

பதில்: இயந்திரங்கள் உண்டு, ஆனால் ஒவ்வோர் எண்ணெய்க்கும் ஒவ்வொரு வகை தேவைப்படுகிறது. 'ஸ்கிம்மர்' எனப்படும் இக்கருவிகளில் ஒரு வகை, ஏரிக் கலிங்கில் மேல்நீர் மட்டும் வழிவதைப் போல, நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே நிற்கும் விளிம்பின் மீது மேலடுக்கை வழியவிட்டுப் பம்பால் இழுத்துக்கொள்ளும். அலையில்லாத இடத்தில் இது நன்றாக வேலை செய்யும். அலையடித்தால் எண்ணெயைவிடத் தண்ணீரையே அதிகமாக இழுக்கும். மற்றொரு வகையில், எண்ணெய் ஒட்டக்கூடிய, தண்ணீர் எளிதில் ஒட்டாத பொருளால் ஆன வட்டுகளோ உருளைகளோ சுழன்றுகொண்டே இருக்கும். அவற்றில் ஒட்டி மேலே வரும் எண்ணெயை ஒரு தகடு வழித்துத் தொட்டியில் தள்ளும். டீசல் போன்ற இளகிய எண்ணெய்க்கு வட்டு ஏற்றது. கப்பல் எரிபொருள் போன்ற கனத்த எண்ணெய்க்குத் தூரிகை அல்லது பட்டை பொருத்திய ஸ்கிம்மர்தான் ஈடுகொடுக்கும்.

நீங்கள் பார்த்தது கனத்த எண்ணெய். அலையில் புரளப் புரள அது கடல்நீரைத் தன்னுள் இழுத்து, மூன்று நான்கு மடங்கு பருத்துக் கூழாகிவிடும்; அந்தக் கூழ் உறிஞ்சு குழாய்களை அடைத்துக்கொள்ளும். கரைத் தடுப்புப் பாறைகளின் இடுக்கில் அது புகுந்துவிட்டால், மிதக்கும் கருவிக்கு அங்கே இடமே இல்லை, கையால் அள்ளுவதுதான் வழி. அப்போது பலர் போதிய கையுறையும் காலணியும் இல்லாமல் அதில் இறங்க நேர்ந்ததை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. அந்த எண்ணெய் தோலில் படவும் கூடாது, அதன் ஆவியைச் சுவாசிக்கவும் கூடாது.

2011இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் சோதனைத் தொட்டியில் நடந்த ஒரு போட்டியில், வரிப்பள்ளம் வெட்டிய வட்டுகளைக் கொண்ட கருவி நிமிடத்துக்குச் சுமார் 17,600 லிட்டரை எடுத்துப் பரிசு பெற்றது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு மெக்சிகோ வளைகுடா விபத்தில், கசிந்த எண்ணெயில் ஏறத்தாழ 3 விழுக்காட்டைத்தான் ஸ்கிம்மர்களால் எடுக்க முடிந்தது என்று அமெரிக்க அரசு கணக்கிட்டது. தொட்டியில் எண்ணெய் ஓரிடத்தில் நிற்கிறது. கடலில் மணிக்கு மணி பரந்து மெலிகிறது.

கேள்வி: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்துக்குள் எண்ணெய் வந்தது. இத்தகைய இடத்தில் என்ன செய்திருக்க வேண்டும்?
– ஒரு மீனவர், காட்டுக்குப்பம்

பதில்: ஐயா, கழிமுகத்தில் ஸ்கிம்மரைவிட முந்திக்கொள்ள வேண்டியது 'பூம்' எனப்படும் மிதவைத் தடுப்பு. மேலே மிதவையும் நீருக்குள் பாவாடை போலத் தொங்கும் திரையும் கொண்ட அது, எண்ணெயை ஓரிடத்தில் திரளச் செய்யும். திரண்டால்தான் ஸ்கிம்மருக்கு வேலை. நீரோட்டம் நொடிக்கு ஏறக்குறைய 35 சென்டிமீட்டரைத் தாண்டினால், குறுக்காகக் கட்டிய தடுப்பின் அடியில் எண்ணெய் நழுவிவிடும். ஆகவே அதைச் சாய்வாகக் கட்டி, எண்ணெயைக் கரையோரத்து மந்தமான நீருக்கு ஒதுக்கி, அங்கே கருவியை இறக்க வேண்டும். வெள்ளம் வந்த பிறகு கயிறு கட்ட இடம் தேடுவது பயனற்றது. பக்கிங்ஹாம் கால்வாய் கழிமுகத்தில் சேரும் இடத்துக்குச் சற்று மேலே, பருவமழைக்கு முன்னதாகவே, இரு கரைகளிலும் நிலையான கட்டுத்தறிகளும் தயார் நிலையில் மிதவைகளும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அலையாத்திக் காட்டுக்குள் எந்த இயந்திரமும் புகாது. அங்கே உறிஞ்சு பொருள்கள்தான் உதவும். நம் இலவம்பஞ்சு இயற்கையிலேயே மெழுகுப் பூச்சு உடையதால், தண்ணீரை விலக்கி எண்ணெயை உறிஞ்சும். அதை வலைப்பையில் அடைத்து இட வேண்டும். உதிரியாகத் தூவினால் பஞ்சையும் பொறுக்க நேரிடும்.

கேள்வி: சோப்புத்தூளைக் கரைத்துத் தெளித்தால் எண்ணெய் மறைந்துவிடுமே?
– ஒரு மாணவர், திருவொற்றியூர்

பதில்: கண்ணுக்குத்தான் மறையும். நுண்துளிகளாகச் சிதறி, மீனும் இறாலும் வாழும் நீரடுக்கில் இறங்கிவிடும். சோப்பும் மீனின் செவுள்களைப் புண்படுத்தும். அவ்வாறு சிதறிய எண்ணெய், வட்டு ஸ்கிம்மரிலும் சரியாக ஒட்டாது. எனவே தயவுசெய்து தெளிக்காதீர்கள்.